பெண்ணிலிருந்து எண்ண வேண்டும்

"ஜூலை 11, செவ்வாய். காலையில் மழை, பத்து மணிக்கு வெளித்தது. நாவலப்பிட்டியிலிருந்து ஒரு பெண் வந்தார். பிற்பகல் மிஸ்ஸுடன் பிலிமத்தலாவை. திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் பேசவில்லை."

எரிபொருள் வரிசைகள் ஓய்ந்த மறு ஆண்டு நாட்குறிப்பில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான். இளவயதிலிருந்து நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறேன். மழை, பயணம், வந்தவர், போனவர் எல்லாம் அதில் இருக்கும். வெட்கப்பட்ட நாட்களில் மட்டும் குறிப்பு சுருங்கிவிடுவதை ஓய்வுபெற்ற பிறகு பழைய ஏடுகளைப் புரட்டும்போதுதான் கவனித்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். வெற்றிக் கதைகளை மற்றவர்கள் சொல்வார்கள். நான் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் கண்டியில், பேராதனை வீதியோரம், ஒரு தையற்கடையின் மேல்மாடியில் இருந்தோம். சிறிய நிறுவனம். கடைகளுக்கு விற்பனைக் கணக்கு, வைத்தியர்களுக்கு நோயாளர் பதிவு என்று கிடைத்ததையெல்லாம் செய்தோம். அவற்றில் ஒன்று திருமணப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள். சோதிடர்கள் சிலர் சேர்ந்து கேட்டதால் செய்தது. சுற்றுவட்டாரத்து ஊர்களில் உள்ள கொமியூனிகேஷன் கடைகளில், போட்டோப்பிரதி எடுக்கும் அதே மேசையில், அது ஓடியது. பெண்ணின் பிறந்த விவரத்தையும் மாப்பிள்ளையின் பிறந்த விவரத்தையும் கொடுத்தால் தாள் ஒன்று வரும். மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் பெண் பார்க்கப் போவதா வேண்டாமா என்பதை அந்தத் தாள்தான் தீர்மானித்தது. இதை நான் எழுதும்போது தெரிந்தே எழுதினேன். தெரியாமல் எழுதியிருந்தால் வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

பொருத்தம் பார்ப்பதில் உங்களில் யாருக்கும் நம்பிக்கை இருக்க வேண்டியதில்லை. ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து தொடங்கி மாப்பிள்ளையின் நட்சத்திரம் வரை எண்ண வேண்டும். திசை மாற்றி எண்ணினால் வேறு எண் வரும், வேறு பலன் வரும். எண்ணிக்கை இருபத்திரண்டு என்றால் நல்லது. அதே இருவரை மாப்பிள்ளையிலிருந்து எண்ணினால் ஏழு. ஏழாவது நட்சத்திரம் வதை தாரை. யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கமாட்டார்கள்.

இந்த எண்ணிக்கையைச் செய்ய நான் ஒரு ஃபங்ஷன், கொடுத்ததை வாங்கி விடை தரும் சிறு நிரல், எழுதினேன். அதற்குக் கொடுக்க வேண்டிய மதிப்புகள், அதாவது ஆர்கியுமென்ட், இரண்டு: முதலாவது பெண், இரண்டாவது மாப்பிள்ளை. திரையில் நிரப்பப்படும் விவரமோ ஒரு ஒப்ஜெக்ட்டாக வந்து சேரும். அதில் இருவருக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கும்: இது மணமகள், இது மணமகன். ஃபங்ஷனை அழைக்கும் இடத்தில் நான் செய்தது இதுதான். ஒப்ஜெக்ட்டின் மதிப்புகளை மட்டும் எடுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டின் மூன்று புள்ளிகளை முன்னால் வைத்து, அப்படியே ஆர்கியுமென்ட் வரிசையாக உள்ளே கொட்டினேன். ஒரே வரி. முன்பு நான்கு வரியில் இருந்ததை ஒரு வரியாக்கிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை.

கொட்டும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். சீட்டுகள் வெளியே நின்றுவிடுகின்றன. மதிப்புகள் மட்டும், எந்த வரிசையில் ஒப்ஜெக்ட்டுக்குள் போயினவோ அந்த வரிசையில், உள்ளே போகின்றன. முதலில் வந்தவரைப் பெண் என்று ஃபங்ஷன் எடுத்துக்கொள்கிறது. அது யாரையும் விசாரிப்பதில்லை.

அலுவலகத்தில் எங்கள் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்குப் படிக்க வந்து கண்டியிலேயே தங்கிவிட்டவர். எல்லோரும் மிஸ் என்போம். நான் எழுதும் நிரலை அவர்தான் வாசித்துப் பார்த்து அனுமதிப்பார். அந்த வரியில் அவர் விரல் நின்றது.

"அண்ணை, பேரைக் கழட்டிப்போட்டு அனுப்புறீங்களே. வரிசை மாறினா என்ன செய்வீங்கள்?"

"மாறாது மிஸ். ஃபோம்ல பொண்ணோட கட்டம்தான் மேல இருக்கு. மேல இருக்கிறதுதான் முதல்ல போகும்."

"இண்டைக்கு மேல இருக்கு."

"நாளைக்கும் அப்படித்தான் இருக்கும். யாரும் மாப்பிள்ளையிலிருந்து ஆரம்பிக்க மாட்டாங்க."

அவர் சிரித்துவிட்டு அனுமதித்தார். வயதில் மூத்தவனை ஒரு வரிக்காக இரண்டு தரம் திருத்தச் சொல்ல அவருக்குத் தயக்கம் இருந்திருக்கும். அந்தத் தயக்கத்தை நான் எனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

பரிசோதனையும் செய்தோம். பரிசோதனைக்கு நான் எப்போதும் பயன்படுத்தியது என்னுடைய பிறந்த விவரத்தையும் என் மனைவியின் பிறந்த விவரத்தையும். மனப்பாடமாக இருந்ததால் எளிது. நாங்கள் இருவரும் எந்தப் பக்கம் இருந்து எண்ணினாலும் தேறிவிடும் ஜோடி. வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி, "அதான் உங்களால கண்டுபிடிக்க முடியல" என்றாள். வேலைக்கு உதவாத பொருத்தம் அது.

ஆறு மாதம் கழித்து, மார்கழியில், போனில் பார்க்கும் வசதி வந்தது. கடைக்காரர்களும் சோதிடர்களும் ஒன்று கேட்டார்கள்: பார்க்கிறவர் தன் வீட்டு விவரத்தை முதலில் போடட்டும், பிறகு எதிர்வீட்டாரின் விவரம். நியாயமான கோரிக்கை. தாய் ஒருத்தி தன் பிள்ளையிலிருந்துதான் தொடங்குவாள். போன் திரையில் "உங்கள் பக்கம்" என்ற கட்டத்தை மேலே வைத்தோம். மாப்பிள்ளை வீட்டார் நிரப்பினால் மணமகன் முதலில் போவான். சீட்டு சரியாகவே இருக்கும். சீட்டைக் கழற்றிக் கொட்டும் அந்த ஒரு வரியை நான் மறந்துவிட்டிருந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உடைந்து விழும் நிரல் நல்ல நிரல். சிவப்பில் எழுத்து வரும், யாராவது தொலைபேசியில் திட்டுவார்கள், சரிசெய்துவிடுவோம். வரிசை மாறிய ஆர்கியுமென்ட் எதையும் உடைப்பதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வகை மதிப்பு, ஒரு நட்சத்திரம், இன்னொரு நட்சத்திரம். கேட்காத கேள்விக்குத் தெளிவான, அழகான பதில் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பதிலைச் சந்தேகித்து இரண்டாம் முறை பார்ப்பவர் யார்? பொருந்தவில்லை என்றால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த இடம் பார்க்கப் போய்விடுவார்கள்.

மார்கழியிலிருந்து ஆனி வரை அப்படித்தான் போயிற்று.

அந்தச் செவ்வாய் வந்த பெண்ணின் பெயர் புவனா. நாவலப்பிட்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. குடையைப் படியிலேயே மடக்கி வைத்துவிட்டு மேலே வந்து, பொருத்தம் பார்க்கிற மென்பொருள் செய்தவர் யார் என்று கேட்டார். நான் கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் போனை வைத்தார். திரையில் அதே மென்பொருளின் முடிவு.

"இது எங்க வீட்டுல கடையில பாத்தது சேர். இது மாப்பிள்ள வீட்டுல போன்ல பாத்தது. ஒரே பொண்ணு, ஒரே மாப்பிள்ள. கடையில உத்தமம்ங்குது. போன்ல பொருத்தமே இல்லங்குது. எது சரி?"

எனக்கு முதலில் வந்தது எரிச்சல். இந்த மாதிரிக் கேள்விகள் எப்போதும் பிறந்த நேரத்தைத் தவறாகப் போட்டதால் வருபவை.

"நேரத்துல ஏதாவது வித்தியாசம் இருக்கும் தங்கச்சி. காலை மாலை மாத்திப் போட்டிருப்பாங்க."

"இல்ல சேர். ரெண்டுலயும் ஒரே நேரம். பஸ்ல வரும்போது ஒவ்வொரு எழுத்தா பாத்துக்கிட்டு வந்தேன்."

"அந்த வீட்டுல வேணாம்னு நினைச்சா எதையாவது போட்டுப் பார்ப்பாங்க. அப்படியும் நடக்கிறதுதான்."

இப்போதும் அந்த வாக்கியத்தை எழுதக் கை கூசுகிறது. என் வரியைக் காப்பாற்ற நான் ஒரு குடும்பத்தையே பொய்யர்களாக்கினேன். புவனா என்னை ஒரு கணம் பார்த்தார்.

"அவரு போன வாரம் எங்க வீட்டுக்கு வந்து பாத்துட்டு, புடிச்சிருக்குன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. அதுக்குப் பொறகுதான் அவங்க அம்மா போன்ல பாத்திருக்காங்க. ஞாயித்துக்கெழம ஜாதகத்தத் திருப்பி அனுப்பிட்டாங்க. வர்ற வெள்ளிக்கெழம வேற எடத்துல பொண்ணு பாக்கப் போறாங்களாம். ஆடி பொறக்க முந்தி தட்டு மாத்திரணும்னு அவசரம். எங்க அப்பா பேசுறதே இல்ல. எம் பொண்ணுக்குத்தான் தோசம்னு முடிவு பண்ணிட்டாரு." பிறகு இன்னும் தணிந்த குரலில் சொன்னார்: "பொருந்தலன்னா பொருந்தலன்னு சொல்லுங்க சேர். போயிருவேன். ஆனா எது நெசம்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் போவேன்."

இரண்டையும் அருகருகே வைத்தேன். பெண் உத்திரம், மாப்பிள்ளை திருவாதிரை. மென்பொருளைத் திறக்கவில்லை. விரல் கணுக்களில் எண்ணினேன். உத்திரத்திலிருந்து தொடங்கினால், ரேவதி வரை போய், அசுவினியில் மீண்டும் தொடங்கி, திருவாதிரையில் இருபத்திரண்டு. நல்ல எண். பிறகு திருவாதிரையிலிருந்து உத்திரம் வரை எண்ணினேன். ஏழு.

போன் ஏன் ஏழு என்று எண்ணியது என்பதும், எந்த வரி எண்ணியது என்பதும் அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டியது மூன்றே சொல்: "எங்கள் பக்கம் பிழை." அது வாயில் வரவில்லை. "கொஞ்சம் இருங்க, மிஸ்ஸைக் கூப்பிடுறேன்" என்று எழுந்து போனேன்.

மிஸ்ஸுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாளையும் போனையும் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"அந்த மூண்டு புள்ளியோ?"

"ஓம் மிஸ்" என்றேன். அவருடைய யாழ்ப்பாணத்து ஓம் என் வாயில் வந்ததை நினைத்து வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

அவர் புவனாவின் எதிரே உட்கார்ந்தார். "தங்கச்சி, கடையில பாத்ததுதான் சரி. போன்ல வந்தது பிழை. எங்கட பிழை. உங்கட நட்சத்திரத்தில ஒண்டும் இல்லை." அவ்வளவுதான். சுற்றி வளைக்கவில்லை, தொழில்நுட்பம் பேசவில்லை. புவனா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். அழவில்லை. தண்ணீர் கேட்டார்.

அடுத்த அரை மணி நேரத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நெருக்கடியில் எனக்கு முதலில் தோன்றியது என்ன என்பதை மறைக்காமல் சொல்கிறேன். "இப்பவே திருத்திடுறேன் மிஸ், பத்து நிமிஷ வேலை. திருத்தினதும் மாப்பிள்ளை வீட்டு போனுக்குப் புது முடிவு தானாகப் போகிற மாதிரி செய்யலாம். புதிய பதிப்பு வந்திருக்குன்னு ஒரு வரி போட்டா போதும்."

மிஸ் தலையை ஆட்டினார். "முதல்ல நிப்பாட்டுங்கோ. திருத்துறது பிறகு. நீங்கள் திருத்திக்கொண்டிருக்கிற பத்து நிமிசத்தில இன்னொருத்தி வீட்ட ஜாதகம் திரும்பிப் போகும்."

கடை, போன் இரண்டிலும் நிறுத்தினேன். ஐந்து நிமிடத்துக்குள் கடைகளிலிருந்து தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. மிஸ் எடுத்து எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னார்: பிழை இருக்கிறது, இன்று வேலை செய்யாது.

"இனி அந்தப் புது முடிவு. அதைத் தானா அனுப்பினா என்ன நடக்கும் எண்டு நினைக்கிறீங்கள்? ஞாயிற்றுக்கிழமை இல்லை எண்டது, செவ்வாய்க்கிழமை உத்தமம் எண்டு வருது. நடுவில பொம்பிளை கண்டிக்கு வந்து போயிருக்கிறா. பொம்பிளை வீட்டார் காசைக் குடுத்து மாத்திப்போட்டினம் எண்டுதானே நினைப்பினம்?"

நான் யோசிக்கவே இல்லை. என் பிழையை ஓசையில்லாமல் மூடப் பார்த்தேன். அந்த மூடி புவனாவின் தலையில்தான் விழுந்திருக்கும். பிழை விட்டதற்கு வெட்கப்பட்டதைவிட இந்த யோசனைக்காக நான் அதிகம் வெட்கப்படுகிறேன். வரியை எழுதியபோது அசட்டை. இதைச் சொன்னபோது முழு விழிப்பில் இருந்தேன்.

"அப்ப என்ன செய்யிறது?"

"நேர போவம். பிழை விட்ட ஆள் போய்ச் சொன்னாத்தான் நம்புவினம்." புவனாவைப் பார்த்துக் கேட்டார்: "நீங்களும் வாறீங்களோ?"

"இல்ல மிஸ். நான் வந்தா நானே ஆள் கூட்டிக்கிட்டு வந்த மாதிரி ஆயிரும். முகவரி தாறேன்."

பிலிமத்தலாவையில் பெரிய வீதியைப் பார்த்தபடி பாத்திரக்கடை, பின்னால் வீடு. மாப்பிள்ளையின் அம்மா எங்களை முதலில் வாடிக்கையாளர் என்று நினைத்தார். மிஸ் நாங்கள் யார் என்பதைச் சொன்னதும் முகம் மாறியது. உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார். மாப்பிள்ளை கதவு நிலையில் சாய்ந்து நின்றார். உள்ளறையில் அவருடைய அப்பா வானொலியைத் தணித்தது கேட்டது.

மிஸ் என்னைப் பார்த்தார். இம்முறை அவர் பேசப் போவதில்லை என்று புரிந்தது.

"அம்மா, உங்க போன்ல வந்த முடிவு பிழை. அந்தக் கணக்க எழுதினவன் நான்தான்."

"யாரு அனுப்பினா உங்கள?"

"யாரும் அனுப்பல. அந்தப் பொண்ணு எது சரின்னு கேட்டு வந்துச்சு. பார்த்தோம், எங்க பிழைன்னு தெரிஞ்சுது."

"அப்ப அவதான் அனுப்பியிருக்கா."

"வாங்கன்னு கூப்பிட்டும் அந்தப் பொண்ணு வரல அம்மா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பிறகு, "எண்ணிக் காட்டுங்க" என்றார்.

நான் விரலில் எண்ணினேன். அவரும் தன் விரலில் கூடவே எண்ணினார், உதடு அசைந்தது. இருபத்திரண்டில் இருவரும் ஒன்றாக நின்றோம். பிறகு தலைகீழாக எண்ணிக் காட்டினேன். ஏழில் அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

"இத ஏன் போன் இப்பிடி எண்ணுச்சு?"

இந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுப்பதுபோல் பதில் சொல்லலாம். அங்கே ஒரே பதில்தான் இருந்தது. "நீங்க மகன் விவரத்த முதல்ல போட்டீங்க. யார் பொண்ணு, யார் மாப்பிள்ளைன்னு நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. நான் அதைக் கழட்டிட்டு, ரெண்டு நட்சத்திரத்த மட்டும் கணக்குக்கு அனுப்பிட்டேன். முதல்ல வந்தது பொண்ணுன்னு அது எடுத்துக்கிச்சு."

"பொண்ணு யாரு மாப்பிள்ள யாருன்னு சொல்லாமயே பொருத்தம் பாத்தீங்களா?"

"ஆமாம்மா."

"ஏன்யா, மூளையுள்ளவன் எவனாவது அப்பிடிச் செய்வானா?"

"செஞ்சிட்டேன்மா."

"ஒரு வாரமா எம் மகனையே பொண்ணாக்கி வச்சிருக்கீங்க!" கதவில் நின்ற மகன் சிரித்துவிட்டார். "நீ என்னடா சிரிக்கிற?"

"நேர்ல போய்க் கேப்போம்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல. போன் சொன்னா போதும்னு நீங்கதான்..."

"போன் பொய் சொல்லும்னு எனக்கு என்ன தெரியும்? ஜோசியர்னா ரெண்டு திட்டாவது திட்டலாம்." என் பக்கம் திரும்பினார். "எங்களுக்கும் பாருங்க. நான் அஸ்தம், அவரு கேட்டை."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது: "வேணாம் தம்பி! முப்பது வருசம் ஆயிப்போச்சு. இனிமே தெரிஞ்சு என்ன பண்றது?"

அவரும் சிரித்தார், மிஸ்ஸும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். திட்டியிருந்தால் குடித்திருப்பேன், உபசரித்ததால் கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன்.

"வெள்ளிக்கெழம போற எடத்துக்குச் சொல்லி அனுப்பியாச்சே" என்றார் அம்மா, யாரிடமும் இல்லாமல். மகன், "நான் வரல. நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றார். அவர் மகனை நீண்ட நேரம் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். புவனாவின் அப்பாவுக்குத்தான். நாங்கள் எழுந்துவிட்டோம். வாசலைத் தாண்டும்போது கேட்டது: "சம்பந்தி இல்லீங்க, இன்னும் சம்பந்தி ஆகல. ஆனா ஒரு விசயம் பேசணும்."

ஆடி பிறப்பதற்கு முந்திய ஞாயிறு தட்டு மாற்றினார்கள் என்று பிறகு தெரிந்தது. வெள்ளிக்கிழமை எதிர்பார்த்துக் காத்திருந்த அந்த இன்னொரு வீட்டில் என்ன சொல்லி நிறுத்தினார்கள் என்பதை நாங்கள் கேட்கவில்லை. அங்கேயும் ஒரு பெண் இருந்தாள். பஸ்ஸில் நாங்கள் பேசாமல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுநாள் வரியை மாற்றினேன். இப்போது நீங்கள் பார்க்கும் அந்த ஃபங்ஷன் ஒப்ஜெக்ட்டை முழுதாகவே வாங்கிக்கொள்கிறது; உள்ளே போன பிறகு மணமகள் என்ற பெயரைக் கேட்டு எடுக்கிறது, மணமகன் என்ற பெயரைக் கேட்டு எடுக்கிறது. பெயர் இல்லாவிட்டால் நின்றுவிடும், பதில் சொல்லாது. முன்பு நான் குறைத்த வரிகளெல்லாம் திரும்ப வந்துவிட்டன. வெளியிலிருந்து பெயரோடு வரும் ஒன்றை நம் வசதிக்காகப் பெயரில்லாமல் உள்ளே அனுப்பாதீர்கள். வரிசை உங்கள் கையில் இல்லை. இன்றைக்கு இருக்கிற திரையை நாளைக்கு இன்னொருவர், முழு நியாயத்தோடு, மாற்றுவார். அந்த இன்னொருவர் நீங்களாகவே இருப்பீர்கள், மறந்தும் போயிருப்பீர்கள். பரிசோதனைக்கு இரு திசையிலும் ஒரே விடை தரும் சோடியை எடுக்காதீர்கள். உங்களைவிட இளையவர் ஒரு தரம் எச்சரித்துவிட்டு நிறுத்திக்கொண்டால், ஏன் ஒரு தரத்தோடு நிறுத்திக்கொண்டார் என்று யோசியுங்கள்.

பாதிக்கப்பட்ட மற்றவர்களைத் தேட முயன்றோம். முடியவில்லை. பெண்பிள்ளைகளின் பிறந்த விவரம் எங்கேயும் தங்கக்கூடாது என்று சோதிடர்கள் தொடக்கத்திலேயே கேட்டிருந்தார்கள். அது நல்ல விதி. அன்றன்றைய விவரத்தை அன்றன்றே அழித்துவிடுவோம். யார் பார்த்தார்கள், யார் முதலில் போட்டார்கள், என்ன விடை வந்தது, ஒன்றும் எங்களிடம் இல்லை. போனில் பார்த்தவர்கள் மறுபடி வந்து பார்க்கலாம் என்று கடைகளில் தாள் ஒட்டினோம். சிலர் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் வரவில்லை. பொருந்தவில்லை என்று சொல்லப்பட்டவர்களை மட்டுமே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொருந்தும் என்று பிழையாகச் சொல்லப்பட்டு மணம் முடித்தவர்களும் இருப்பார்களே என்று மிஸ் ஒருநாள் சொன்னார். அதைத் தாளில் எழுத வேண்டாம் என்று இருவருமே முடிவுசெய்தோம். அந்த முடிவு சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஆடி முடியும் தறுவாயில் புவனா மீண்டும் வந்தார். கல்யாணப் பத்திரிகையும் குங்குமமும் வெற்றிலையும். மிஸ் அன்று விடுப்பு. எனக்கே தந்தார். முகம் தெளிவாக இருந்தது. அப்பா மறுபடி பேசத் தொடங்கிவிட்டாராம், "இப்ப வாய மூட வைக்கிறதுதான் கஷ்டம் சேர்." மாமியார் போனில் எதையும் நம்புவதில்லை, மின்சாரக் கட்டணத்தைக்கூடக் கையால் கூட்டிப் பார்க்கிறார் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு இலேசானது.

எழுந்தவர் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

"சேர், போன்ல பாக்கிறது எப்ப இருந்து வந்துச்சு?"

"போன மார்கழியில."

"தைப் பொங்கலுக்கு முந்தியே வந்திருச்சா?"

"முந்தியே."

வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"தை மாசம் ஹுன்னஸ்கிரியப் பக்கமிருந்து ஒருத்தங்க வீட்டுல கேட்டு வந்தாங்க. எங்களுக்கு முன்னாடியே பழக்கம். எனக்கும் அவருக்கும்... பேச்சு இருந்துச்சு. அவங்க வீட்டுலதான் பொருத்தம் பாத்தாங்க. பொருந்தலன்னு வந்துச்சாம். ரெண்டு பேரும் அத ஏத்துக்கிட்டோம்."

என் கை என்னை அறியாமலேயே மேசைமேல் விரிந்திருந்தது. "அவர் நட்சத்திரம் தெரியுமா? சொல்லுங்க, இப்பவே பார்த்திடலாம்."

"தெரியும் சேர்."

காத்திருந்தேன்.

"அவருக்கு வைகாசியில கல்யாணம் முடிஞ்சிருச்சு." என் விரல்களைப் பார்த்தார். "எண்ணாதீங்க சேர். கட்டாயம் ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு வாங்க." படியிறங்கிப் போய்விட்டார்.

மிஸ் போனார். நான் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். அந்த நாள் குறிப்பில் மழை பற்றி மட்டும் இருக்கிறது.

ஹுன்னஸ்கிரிய வீட்டார் எங்கள் மென்பொருளில்தான் பார்த்தார்களா, வேறு எங்காவது பார்த்தார்களா, பார்த்தபோது யாருடைய விவரத்தை முதலில் போட்டார்கள், அந்த மனிதரின் நட்சத்திரம் எது, இவற்றில் எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சொல்லவில்லை. நான் பிறகு கேட்கவும் இல்லை. புவனாவின் உத்திரத்திலிருந்து அது எத்தனையாவது என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.